பதினான்காம் எண்ணில் யார்?

ராஜினியின் வேலை முடிய ஆறு மணித்தியாலமும் இருபது நிமிடமும் இருந்தபோது ஜெயரூபி கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தாள்.

ராஜினி யாரென்று அவளுக்கு அப்போது தெரியாது. ஒரு பிரிண்டரைப் பற்றி மட்டும்தான் தெரியும். நெளுக்குளத்தில் அவள் நடத்தும் சிறிய கணினித் திருத்தகத்துக்கு முந்தாநாள் மாலை அழைப்பு வந்திருந்தது. விதைநெல் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று. அறுவடைக் காலம். வாசலில் மூட்டைகளோடு உழவு இயந்திரங்கள் நிற்கின்றன, பற்றுச்சீட்டு அச்சாகவில்லை, ஏற்கெனவே மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"மூண்டு டொக்டர் கைவிட்ட கேஸ்," என்றார் குகதாசன், ஓட்டோவை வேப்பமரத்தின் கீழ் நிறுத்தியபடி. "நாலாவதா வழக்கமா ஐயரைத்தான் கூப்பிடுறது."

ஜெயரூபி இறங்கி வாசலைப் பார்த்து நடந்தாள். பதில் வருமென்று குகதாசன் எதிர்பார்க்கவும் இல்லை. ஓட்டோ அவருடையது, கருவிப்பெட்டியைத் தூக்குவதும் அவர்தான். அவளைவிட இரு மடங்கு வயது. பௌதிகவியல் படித்த பிள்ளை ஒரு நாளில் பேச வேண்டிய சொற்களில் முக்கால்வாசியை அவர் பொறுப்பேற்றுக்கொண்டிருந்தார். மீதிக் கால்வாசியை அவள் பேசுவாள், பெரும்பாலும் கணினித் திரையைப் பார்த்தபடி.

அலுவலகம் ஒரு நீண்ட அறை. வாசலிலிருந்து யன்னல் வரை ஒரே வரிசையில் நான்கு மேசைகள். முதலாவதில் முகாமையாளர் தில்லைநாதன். இரண்டாவதில் விமலேஸ்வரி, பற்றுச்சீட்டுகளுக்குப் பொறுப்பானவர். மூன்றாவதில் கணக்காளர் பிரசாந்தன். யன்னலோரம் நான்காவதில் ஒரு மெலிந்த பெண், ராஜினி.

நான்கு மேசையிலும் நான்கு விதமான கணினிகள். உதவி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இடத்தைக் காலி செய்தபோது விட்டுப்போனவை. முகாமையாளரிடம் லினக்ஸ் போட்ட லப்டொப். விமலேஸ்வரியிடம் பழைய விண்டோஸ். பிரசாந்தனிடம் புதிய விண்டோஸ். ராஜினியிடம் ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற மாக். யாருக்கும் பழக்கமில்லாததால் கடைசியாக வந்தவளுக்கு அது கிடைத்திருந்தது. எல்லாவற்றின் முதுகிலும் முடிந்துபோன ஏதோ ஒரு திட்டத்தின் ஸ்டிக்கர். உரிக்க யாருக்கும் துணிவில்லை. கணக்காய்வுக்கு எவராவது வந்தாலும் வரலாம்.

பிரிண்டர் சுவரோரம் தனியாக இருந்தது. புதியது. அதன் நெற்றியில் திருநீறும் குங்குமமும். காகிதத் தட்டுக்குப் பக்கத்தில் திருஷ்டிக்கு ஒரு தேசிக்காய்.

"வற்றாப்பளை அம்மன்ர திருநீறு," என்றார் விமலேஸ்வரி.

"அப்ப வாரண்டியும் அங்கதானோ அக்கா?" என்று கேட்டார் குகதாசன்.

விமலேஸ்வரி சிரிக்கவில்லை. அந்த அறையில் யாருமே சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. எல்லோரும் நீண்ட நேரம் பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல இருந்தார்கள்.

தில்லைநாதன் அவர்களை விறாந்தைக்கு அழைத்துச் சென்று விஷயத்தைச் சொன்னார். கோளாறு தை மாதம் தொடங்கியது. தை மாதம்தான் ராஜினி வேலைக்கு வந்தாள். செவ்வாயும் வியாழனும் அவள் விதை வயல்களைப் பார்க்கப் போய்விடுவாள். அந்த இரண்டு நாளும் பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்யும். அவள் அலுவலகத்தில் இருக்கும் மற்ற நாட்களில் மூன்று கணினிக்கும் 'ஓஃப்லைன்' என்று காட்டும். அந்த நாட்களிலும் ஒரே ஒரு கணினிக்கு அச்சாகும். அது ராஜினியின் கணினி.

"விஞ்ஞானம் படிச்ச பிள்ளை, நீங்களே சொல்லுங்கோ," என்றார். "விமலேஸ்வரி ராசி எண்டுறா. கமிட்டியில சிலபேர் வேணுமெண்டு செய்யிறாள் எண்டுகினம். நான் ஒண்டும் சொல்லேல்ல."

நாலு மணிக்குக் கமிட்டி கூடும் என்றார். ராஜினியின் தற்காலிக நியமனக் கடிதம் மூன்று மாதத்துக்கானது, இன்றோடு முடிகிறது. அதற்கு மேல் வைத்திருப்பதென்றால் இடம் காலியாக இருக்க வேண்டும்.

"இடம் காலியில்லை. அது கௌசலாவின்ர இடம். அவா லீவில நிக்கிறா. சம்பளமில்லாத லீவு. மாசா மாசம் நீடிச்சுக்கொண்டு வாறம்." இதைச் சொல்லும்போது அவர் உழவு இயந்திரங்களைப் பார்த்தார். "பிரிண்டர் ஒழுங்கா இருந்திருந்தாலும் ஏதாவது சொல்லிக் கதைச்சிருப்பன். இப்ப எந்த முகத்தோட கதைக்கிறது?"

ஜெயரூபி தலையாட்டினாள். லீவில் இருப்பவரைப் பற்றி அவள் கேட்கவில்லை. அது பிரிண்டர் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை.

முதலில் ராஜினியிடம் போனாள். ஒரு பக்கம் அச்சடித்துக் காட்டச் சொன்னாள். ராஜினி அழுத்தினாள். பிரிண்டர் உறுமி ஒரு தாளைத் தந்தது. விமலேஸ்வரி தன் திரையைத் திருப்பிக் காட்டினார். ஓஃப்லைன். வெளியே யாரோ ஒரு விவசாயி எட்டிப்பார்த்து, "இண்டைக்கும் கையாலதானோ?" என்று கேட்டார். விமலேஸ்வரி பேனையை எடுத்தார்.

ராஜினியின் வீடு பாரதிபுரத்தில். தகப்பன் சுடலைமுத்து மற்றவர்களின் வயலில் வேலை செய்கிறவர். அந்த வீட்டில் கதிரையில் இருந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள். இதையெல்லாம் குகதாசன் ஐந்து நிமிடத்தில் கதைத்தே எடுத்துவிட்டார். ஜெயரூபி கேட்டது ஒன்றைத்தான், மாக்கின் திரையைப் பார்த்தபடி.

"நீங்கள் ஏதாவது மாத்தினனீங்களோ?"

"இல்லை, மிஸ். எனக்கு மாத்தத் தெரியாது." ராஜினி சொன்னாள்: "ஆனா நான் வாற நாளில பழுதாப் போறது உண்மைதான். நானும் எண்ணிப் பாத்தனான். முதல் மாசம் வீட்ட போய் அழுவன். இப்ப அழுகையும் வாறேல்ல."

ஜெயரூபி தன் லப்டொப்பை பிரிண்டருக்குப் பக்கத்தில் வைத்து வேலையைத் தொடங்கினாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஊழியர்களின் போன்கள் இணையத்தைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன என்று தில்லைநாதன் முன்பொரு காலத்தில் சினந்து, தானாக முகவரி கொடுக்கும் வசதியை நிறுத்தச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கையால் ஒரு எண். அந்த எண்ணை ஒரு காகிதத் துண்டில் எழுதி, திட்டத்தின் ஸ்டிக்கருக்குக் கீழே ஒட்டிவிடுவார்கள். எண் இல்லாத எதுவும் உள்ளே வர முடியாது. இதைச் செய்த ஆள் ரவுட்டரின் கடவுச்சொல்லையும் தலையில் வைத்துக்கொண்டு கனடா போய்விட்டார்.

பிரிண்டரின் எண் பதினான்கு.

"மாக் பெயரைச் சொல்லிப் பிரிண்டரைத் தேடும்," என்று ஜெயரூபி மெல்லிய குரலில் குகதாசனிடம் சொன்னாள். "மற்ற மூண்டும் நம்பரைப் பாத்துப் போகும்."

"அப்ப ஆள் வீட்டிலதான் நிக்கிறார். கேற்றில இருக்கிற நம்பர்தான் சிக்கல்."

அவள் பதினான்கைக் கூப்பிட்டாள். அது எளிய சோதனை. விநாடிக்கு ஒரு கேள்வி போகும், அந்த எண்ணில் எவராவது இருந்தால் ஒரு வரி பதில் வரும். பதில்கள் வந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் இறங்கின. பிரிண்டர் உயிரோடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். வந்து போன மூன்று பேரும் இதுவரை பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு, பிழை கணினிகளில் என்று போயிருப்பார்கள்.

"குகன் அண்ணை, பிரிண்டரின்ர பிளக்கைக் கழட்டுங்கோ."

அவர் கழற்றினார். பிரிண்டரின் விளக்கு அணைந்தது. உள்ளே சுழன்ற விசிறி நின்றது.

திரையில் பதில்கள் தொடர்ந்து இறங்கின.

குகதாசன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, பிரேதம் கதைக்குது."

"பிரிண்டர் இல்லை. பதினான்கில வேற ஆரோ நிக்கினம்."

ஒரு எண்ணில் இரண்டு பேர். அதுதான் கோளாறு. ஓலை கொண்டு போகிறவன் ஒரு நாள் இந்தக் கதவைத் தட்டுவான், ஒரு நாள் அந்தக் கதவைத் தட்டுவான். ராஜினி வராத நாளில் அந்த மற்ற ஆளும் வருவதில்லை. எனவே அது ராஜினியோடு வருகிற ஏதோ ஒன்று. ஜெயரூபிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் வந்தது. ஒரு போனுக்குக் கையால் பதினான்கு என்று எண் கொடுத்தால் போதும். பிரிண்டரில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து, அதுதான் இந்த அலுவலகத்தின் எண் என்று யாரும் நினைத்திருக்கலாம்.

குகதாசனிடம் சொன்னாள். அவர் எழுந்து, நெளுக்குளத்தில் இருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, தேத்தண்ணிக் கடை எங்கே இருக்கிறதென்று ராஜினி தங்கச்சி வந்து காட்ட வேண்டும் என்றார். போனையும் பையையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஏனென்று ராஜினி கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போனாள். மாக்கையும் நிறுத்திவிட்டுத்தான் போனாள்.

இருவரும் வீதியைக் கடந்து கடை வரை போவது யன்னல் வழியே தெரிந்தது. ஜெயரூபி திரையைப் பார்த்தாள்.

பதில்கள் நிற்கவில்லை.

ராஜினி இல்லை. அவள் போன் இல்லை. அவள் கணினி நின்றுவிட்டது. பதினான்கு மட்டும் கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜெயரூபிக்கு ஒரு பாரம் இறங்கியது. உடனே வேறொன்று ஏறியது. செவ்வாயும் வியாழனும் ஏன் எல்லாம் சரியாகிறது?

அவள் எழுந்து ஒவ்வொரு மேசையாகப் போய், கணினிகளின் முதுகில் இருந்த காகிதத் துண்டுகளைப் படித்தாள். முகாமையாளர் பதினொன்று. விமலேஸ்வரி பன்னிரண்டு. பிரசாந்தன் பதின்மூன்று. அவனுடைய மேசையைக் கடக்கும்போது திரையின் மூலையில் ஒரு சிறிய பெட்டி திறந்திருந்ததைக் கண்டாள். அலுவலகத்தில் உயிரோடு இருக்கும் கணினிகளின் பெயர்ப்பட்டியல். கணக்காளருக்கு அது எதற்கென்று தெரியவில்லை. அவன் கையால் அதை மறைக்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

ராஜினி பதினைந்து.

சுவரோரம் மேசைக்குக் கீழே பழைய பிரிண்டர் தூசியோடு கிடந்தது. அதிலும் ஒரு துண்டு. இருபது.

அவள் அங்கேயே குந்தி இருந்து யோசித்தாள். இந்த எண்களைக் கொடுத்தவர் ஒழுங்கானவர். மனிதர்களுக்கு வாசலில் இருந்து யன்னல் வரை வரிசையாகக் கொடுத்தார். இயந்திரத்துக்குத் தள்ளி வைத்து இருபதைக் கொடுத்தார். அப்படிப்பட்டவர் மனிதர்களின் வரிசைக்கு நடுவில் ஒரு பிரிண்டரைக் கொண்டுவந்து வைக்கமாட்டார். நான்காவது மேசைக்குப் பதினான்குதான் வர வேண்டும். அங்கே இருப்பவளுக்குப் பதினைந்து.

அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவருக்குத்தான் பதினான்கு.

விமலேஸ்வரி குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஜெயரூபி வாசலில் நின்று, நான்காவது மேசையில் முன்னர் யார் இருந்தது என்று கேட்டாள்.

"கௌசலா," என்றார் விமலேஸ்வரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரசாந்தன்ர பெண்சாதி."

மற்றவற்றைத் துண்டு துண்டாகத்தான் வாங்க முடிந்தது. கௌசலாவுக்கு ஒரு லப்டொப் இருந்தது. லீவில் போனபோது அது அவர்களுடைய வீட்டில் இருந்தது. திருப்பித் தரும்படி ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று விமலேஸ்வரி ஜெயரூபியையே கேட்டார். கார்த்திகையில் புதிய பிரிண்டரைப் பூட்ட வந்த பெடியன், சும்மா இருக்கிற ஒரு எண்ணைச் சொல்லுங்கோ அக்கா என்றான். கௌசலாவின் எண் சும்மாதானே கிடக்கிறது என்று விமலேஸ்வரிதான் சொல்லியிருக்கிறார்.

"அவா எப்ப திரும்பி வருவா?" என்று கேட்டாள் ஜெயரூபி.

விமலேஸ்வரி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார். தண்ணீர் சத்தமாக விழுந்தது. கோப்பை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

குகதாசன் திரும்பி வந்தபோது அவளுக்காக ஒரு பிளேன்டியை மூடிக் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்தார். பதினான்காம் எண் கௌசலாவின் லப்டொப்புக்கு உரியது, அது இந்தக் கட்டடத்துக்குள் எங்கோ இயங்குகிறது என்று அவள் சொன்னாள். லீவில் இருக்கும் ஆளின் லப்டொப் வேலைக்கு வருகிறது. குகதாசன் பகிடி விடுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அவள் காத்திருந்தாள்.

அவர் பகிடி விடவில்லை.

"கடையில கதைச்சுக்கொண்டு நிண்டனான், பிள்ளை," என்றார். "அந்தப் பிள்ளை கௌசலாவைப் பற்றி இஞ்ச ஒருத்தரிட்டயும் கேக்காத. அவையளே சொல்லட்டும்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். மேலே எதுவும் கேட்கவில்லை.

ஆனால் செவ்வாயும் வியாழனும் இருந்தன. அந்தக் கேள்வியைத் தீர்க்க ஒரு வழிதான் அவளுக்குத் தெரிந்தது. ராஜினி தேத்தண்ணிக் கடைக்குப் போனபோது எதுவும் மாறவில்லை. கடைக்குப் போகிறவள் திரும்பி வருவாள். வயலுக்குப் போகிறவள் அன்றைக்கு வரமாட்டாள். இயந்திரத்துக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அவள் தில்லைநாதனிடம் போய் ஒரு உதவி கேட்டாள். அவர் தயங்கினார். பிறகு தன் கதிரையில் இருந்தபடியே, அறை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"ராஜினி, கண்டாவளைப் பக்கம் ஒரு வயல் பாக்கக் கிடக்கு. நீர் இப்பவே வெளிக்கிடும். நேரம் போயிடும், இஞ்ச திரும்பி வரத் தேவையில்லை. சேவைக் கடிதத்தைத் திங்கக்கிழமை வந்து எடும்."

ராஜினி ஒரு கணம் அசையவில்லை. கடைசி நாளிலும் வயலுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். தன் தண்ணீர்ப் போத்தலையும் தொப்பியையும் எடுத்தாள். மேசை லாச்சியைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு சீப்பையும் எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஸ்கூட்டியின் சத்தம் வீதியில் தேய்ந்தது. கடைக்குப் பின்னால் நிறுத்திக் காத்திருக்கும்படி குகதாசன் வாசலில் வைத்து அவளுக்குச் சொல்லியிருந்தார்.

நான்காவது கதிரை காலியாக இருந்தது.

ஜெயரூபி திரையைப் பார்த்தாள். பதில், பதில், பதில். குகதாசன் மேசைக்குக் கீழே ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு, பழுது பார்ப்பவரைப் போலப் படுத்திருந்தார். வெளியே ஒரு உழவு இயந்திரம் பின்னுக்கு வந்தது.

பிரசாந்தன் காலிக் கதிரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கணக்குக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து, தனக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரியைத் திறந்தான். கோப்பை உள்ளே வைத்தான். கை ஒரு நொடி உள்ளே தாமதித்தது. அலுமாரியைச் சாத்தினான்.

திரையில் பதில்கள் நின்றன.

பதினான்கில் யாரும் இல்லை.

மேசைக்குக் கீழிருந்து குகதாசன் சொன்னது அவளுக்கு மட்டும் கேட்டது. "பிள்ளை, அலுமாரிக்குப் பின்னால ஒரு வயர் போகுது. சுவர் பிளக்கில இருந்து."

அவள் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவளைப் போல மூன்றாவது மேசையைக் கடந்தாள். பிரசாந்தனின் திரை மூலையில் இருந்த பெட்டியில் பெயர்கள் குறைந்திருந்தன. அலுமாரிக் கதவில் விரலை வைத்தாள். நடுத்தட்டு இருக்கும் இடத்தில் இரும்பு சூடாக இருந்தது.

குகதாசன் போய் ராஜினியை அழைத்து வந்தார். வயல் விஷயம் ஒரு சோதனை என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார். அவள் பரவாயில்லை என்றாள். சீப்பை மறுபடி லாச்சிக்குள் வைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரசாந்தன் விதைக் களஞ்சியத்தின் பக்கம் போனான். ஜெயரூபி பின்னால் போனாள். மூட்டைகளுக்கு நடுவில் புது நெல்லின் வாசனை அடித்தது. அவளுக்கு யாரையும் குற்றம் சாட்டிப் பழக்கமில்லை. போன கிழமை முள்ளியவளையில் பிடித்த குற்றவாளி, வயரைக் கடித்த ஒரு எலி.

"அலுமாரிக்குள்ள இருக்கிற லப்டொப்," என்று தொடங்கினாள். "அதின்ர நம்பரும் பிரிண்டரின்ர நம்பரும் ஒண்டு."

அவன் மூட்டை ஒன்றில் தைத்திருந்த நூலைப் பார்த்தான். மறுக்கவில்லை. தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை என்றான். எதையும் யோசிக்கிறதில்லை என்றான். சாப்பிடுகிறது, கணக்கு எழுதுகிறது, மாத முடிவில் கௌசலாவுக்கு லீவுக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கிறது. தில்லைநாதன் ஐயா அதை வாங்கி வைப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். நல்ல மனுசன்.

"ஏன் ராஜினி இருக்கிற நாளில மட்டும் போடுறனீங்கள்?"

அவன் மூட்டையில் இருந்த தூசியைத் தட்டினான்.

"கதிரை சும்மா இருந்தா அது அவவின்ர கதிரைதான். போடத் தேவையில்லை. ஆராவது அதில வந்து இருந்தா... பேர் எண்டாலும் இருக்கட்டும் எண்டு. லப்டொப்பைப் போட்டா என்ர ஸ்கிரீனில அவவின்ர பேர் வரும். வேற ஒண்டுமில்லை. அதுக்குள்ள என்ன இருக்கெண்டும் நான் பாக்கிறேல்ல."

அவன் குரலில் எதுவும் இல்லை. நெல்லின் ஈரப்பதன் எத்தனை வீதம் என்று சொல்கிறவனைப் போலச் சொன்னான். ஜெயரூபி தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அன்றைய நாளின் மிக நீண்ட பேச்சைப் பேசினாள்.

"பிரிண்டருக்கு இருபதாம் நம்பரைக் குடுத்தா ரெண்டு நிமிசத்தில எல்லாம் சரி. நம்பர் மாறுபட்டுப் போச்சு எண்டு கமிட்டிக்குச் சொல்லுவன். அலுமாரியைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டன். நீங்கள் தொடர்ந்து போடலாம், பிரிண்டர் பழுதாகாது. ஒருத்தரும் ராசியில்லை எண்டும் சொல்லமாட்டினம். ஆனா ராஜினிக்கு வேலை இல்லை. அந்த இடம் காலியில்லையாம்."

பிரசாந்தன் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. விட்டுவிட்டான்.

"அந்தப் பிள்ளை நல்லா வேலை செய்யும்," என்றான்.

அவள் திரும்பி வந்து பிரிண்டரின் எண்ணை மாற்றினாள். மூன்று கணினிகளுக்கும் புதிய எண்ணைச் சொல்லிக்கொடுத்தாள். விமலேஸ்வரி பயந்து பயந்து அழுத்தினார். முதல் பற்றுச்சீட்டு வந்தது. இரண்டாவது வந்தது. வெளியே நின்றவர்கள் வரிசைக்கு வந்தார்கள். ராஜினி தன் கதிரையில் இருந்து அதைப் பார்த்தாள். விமலேஸ்வரி தேசிக்காயை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ராஜினியிடம் போய், தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்டார்.

பிற்பகல் முழுவதும் பிரிண்டர் நிற்கவில்லை. பிரசாந்தன் கணக்கு எழுதினான். அலுமாரியைத் திறக்கவில்லை.

நாலு மணிக்குக் கமிட்டி வந்தது. தலைவர் ஜெகதீஸ்வரி, ஒரு காலத்தில் பாடசாலை அதிபராக இருந்தவர். கூட இரண்டு விவசாயிகள், வயற்சேறு காயாத கால்களோடு. முன்மேசைகளை நகர்த்தி, கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள்; ராஜினி தன் மேசையிலேயே இருந்தாள். ஜெயரூபியை முதலில் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்று, தரையைப் பார்த்தபடி, ஒரே எண்ணில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன, அதைச் சரிசெய்தாயிற்று, ராஜினிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றாள். மற்ற இயந்திரம் எது என்று ஒரு விவசாயி கேட்டார். கதவோரம் நின்ற குகதாசன், அது பழைய எண், பெயரைச் சொன்னாலும் ஐயாவுக்கு விளங்காது என்று மரியாதையாகச் சொல்லி அந்தக் கேள்வியை அனுப்பிவைத்தார்.

ஜெகதீஸ்வரி ராஜினியைப் பார்த்து, வருத்தமாக இருக்கிறது என்றார். பிழை இல்லையென்று தெரிந்ததில் சந்தோசம். ஆனாலும் தற்காலிகக் கடிதம் முடிகிறது, சங்கத்தின் விதி விதிதான்.

ராஜினி தலையாட்டினாள். பை ஏற்கெனவே மடியில் இருந்தது.

பிறகு தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கும் கேள்வியைக் கேட்டார். கேட்கும்போது அவரும் யாரையும் பார்க்கவில்லை.

"கௌசலா எப்ப திரும்பி வேலைக்கு வருவா?"

விமலேஸ்வரி மடியைப் பார்த்தார். விவசாயிகள் இருவரும் யன்னலைப் பார்த்தார்கள். தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாதம் மாதம் சொல்லும் பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார்.

அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிரசாந்தன் அதன் முன்னால் நின்றான். வயரைக் கழற்றி, சுற்றி, லப்டொப்பின் மேல் வைத்தான். அதைக் கொண்டுவந்து தில்லைநாதனின் முன்னால் வைத்தான். அதன் முதுகில் ஸ்டிக்கர் இருந்தது. கீழே ஒரு காகிதத் துண்டும் இருந்தது.

"லீவை இனி நீடிக்க வேண்டாம், ஐயா," என்றான்.

தில்லைநாதன் கண்ணாடியைக் கையில் வைத்தபடி, "இரும் பிரசாந்தன், பிறகு கதைப்பம்," என்றார்.

அவன் இருக்கவில்லை. நான்காவது மேசைப் பக்கம் திரும்பினான். ராஜினி எழுந்து கதிரையைவிட்டு விலகப் போனாள். இருக்கும்படி அவன் கையால் காட்டினான். அவள் இருந்தாள். அவன் கமிட்டியைப் பார்த்துச் சொன்னான்.

"கௌசலா செத்துப்போனா. போன ஆவணியில."